சொல்லாமல் விட்ட இரண்டு ஸ்வரங்கள்

என் மனைவியின் அண்ணனுக்கு இடது குதிகாலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் புதிதல்ல. பாத்தியில் தேங்கிய உப்புநீரில் வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாரும்போது தோல் வெந்துபோகும். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது, அப்போது ஆறிவிடும். இந்தப் புண் மழை பிடித்து வேலை நின்ற பிறகும் ஆறவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் புண்ணைக் கொஞ்ச நேரமும், சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவை அதைவிட அதிக நேரமும் பார்த்தார். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, இந்தக் காலை இனி உப்புத் தண்ணீரில் வைத்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். படித்தவன் நான் என்று நினைத்திருப்பார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். மச்சானுக்கு மனைவியும் ஒரு சிறு பெண்குழந்தையும் இருந்தார்கள். உப்பு வாருவதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது. நிழலில் உட்கார்ந்து எடைபோடும் வேலையைக் கேட்டுப் பார்த்தோம். அதற்குக் கணக்கு எழுதத் தெரிய வேண்டும் என்றார்கள். காலில் தண்ணீர் படாத வேலை ஒன்று கிடைத்தால் கால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் தை மாதம் அளம் திறந்ததும் அவர் திரும்பவும் பாத்தியில் இறங்குவார். எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. அவர் வீட்டில் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. எல்லோர் கண்ணும் கீழே, அந்தக் கட்டுப்போட்ட குதிகாலில்தான் இருக்கும்.

அவருக்கு வேறு வேலை தெரியாது என்று எழுதினேன். கிடார் வாசிக்கத் தெரியும். ஆனால் அதை நாங்கள் யாரும் வேலை என்று நினைத்ததில்லை. எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளுக்கு அவர்தான் கிடார். உப்பு அரித்த விரல்களில் அத்தனை வேகமும் சுத்தமும் எப்படி வந்தது என்று பாண்டிச்சேரியிலிருந்து வந்த சாமியார் ஒருவர்கூடக் கேட்டிருக்கிறார். நானும் கிடார் வாசிப்பேன், சுமாராக. ஆனால் எனக்கு ராகம் தெரியும். என் அப்பா என்னைச் சின்ன வயதிலேயே திண்டிவனத்துக்குப் பாட்டு சொல்லிக்கொள்ள அனுப்பியிருந்தார். மேளகர்த்தா ராகங்கள் எழுபத்திரண்டையும் வரிசையாகச் சொல்லுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

குயிலாப்பாளையத்துக்கு அப்பால் செம்மண் மேட்டில் குடிசை போட்டிருந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் தன் நாட்டில் ஜாஸ் குழுவில் கிடார் வாசித்தவர். பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்று கேட்டுப் போனபோது பழக்கம். சனிக்கிழமைகளில் நான் சைக்கிளில் போவேன். ஜாஸ் வாசிப்பது எப்படி என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாட்டுக்குக் கீழே கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். கார்டு என்றால் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அடிப்பது. அது ஒவ்வொன்றும் மாறும்போது, மேலே கற்பனையாக வாசிக்கிறவனும் அதற்குப் பொருந்தும் ஸ்வர வரிசையை எடுக்க வேண்டும். நம்முடைய சங்கீதத்தில் ஒரு ராகத்தை எடுத்தால் கடைசிவரை அதிலேயே இருக்கலாம். ஜாஸிலோ ஒரே பாட்டுக்குள், இரண்டு மூச்சுக்கு ஒருமுறை ராகம் மாறுவதுபோல.

அதை நான் என் பாஷையில் மாற்றிக்கொண்டேன். ஏ முதல் ஜி வரை எழுத்துகள்தான் அவர்களுக்கு ஸ்வரப் பெயர், அரைப்படி ஏற்றினால் அது ஷார்ப். டி மைனர் செவன் என்ற கார்டு வந்தால் டி-யை ஸட்ஜமாக வைத்துக் கரகரப்ரியா. ஜி செவன் வந்தால் ஜி-யிலிருந்து ஹரிகாம்போதி. சி மேஜர் வந்தால் சங்கராபரணம். எழுதிப் பார்த்தபோது மூன்றும் ஒரே ஏழு ஸ்வரங்கள்தான் என்று தெரிந்தது, ஆரம்பிக்கும் இடம்தான் வேறு. அந்த வெளிநாட்டுக்காரரிடம் இதைக் காட்டினேன். அவர் தலையாட்டினார். ஸ்வரங்கள் ஒன்றாக இருந்தாலும் எதில் போய் நிற்கிறாய் என்பதுதான் முக்கியம், கார்டு மாறும் அந்த நொடியில் அதன் காந்தாரத்திலோ நிஷாதத்திலோ போய் நின்றால் கேட்கிறவனுக்குக் கார்டு மாறியது உன் விரலிலேயே தெரியும் என்றார்.

மச்சானுக்கு இதை நான் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். "பாத்திக்குப் பாத்தி தாவக் கூடாது மாப்ள, வரப்புல காலை வச்சிட்டு எறங்கணும், அதானே சொல்றீங்க" என்றார். ஜி செவனின் எஃப்-ஐப் பிடித்திருந்த விரலைக் கிடாரின் கழுத்தில் ஒரு கட்டை கீழே இறக்கினார். சி கார்டின் காந்தாரமான ஈ-யில் அது போய் உட்கார்ந்தது. இதைச் செய்ய எனக்குச் சில வாரங்கள் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் ஆள் தேடுகிறார்கள் என்று அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னார். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் பியானோ, கீழ் ஸ்வரங்களைத் தட்டும் பேஸ், கிடார் என்று மூன்று பேர் வாசிப்பார்களாம். கிடார்காரர் பம்பாய்க்குப் போய்விட்டார். ஜாஸ் தெரிந்தவன் வேண்டும், ஆனால் தெரிந்தவர்கள் எல்லாம் சென்னையிலும் பம்பாயிலும்தான் இருக்கிறார்கள், உனக்கு ஆசையிருந்தால் போய்ப் பார் என்றார். எனக்கு வேலை இருந்தது. தவிர, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து, அடுத்து என்ன வாசிக்கப்போகிறோம் என்று தெரியாமல் வாசிப்பது என்னால் ஆகாத காரியம். மச்சானைப் பற்றிச் சொன்னேன். அங்கே பியானோ வாசிப்பவரிடம் வெளிநாட்டுக்காரரே பேசி, மழைக்காலம் முடிவதற்குள் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்.

நாற்காலியில் உட்கார்ந்து, காலில் ஷூ போட்டுக்கொண்டு செய்கிற வேலை. என் மனைவி இதைக் கேட்டதும் அழுதாள். மச்சானின் மனைவி மறுநாளே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதனின் கால் நான் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது என்ற பயம்.

பயந்த வாத்தியார் என்ன செய்வான்? விதி சொல்லிக்கொடுப்பான். நான் விதியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். மைனர் செவன் என்றால் கரகரப்ரியா. மேஜர் என்றால் சங்கராபரணம். வெறும் செவன் என்று எது வந்தாலும் ஹரிகாம்போதி. யோசிக்க வேண்டாம், கார்டின் பெயரைக் கேட்டதும் கை தானாகப் போக வேண்டும். ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைத் தொட்டால் அது அபஸ்வரம், அதைத் தொடவே கூடாது. பள்ளிக்கூடம் விட்டதும் மச்சான் என் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் கார்டின் பெயரைக் கத்துவேன், அவர் வாசிப்பார். என் மனைவி அடுப்படியிலிருந்து, "எங்க அண்ணன மிலிட்டரிக்கா அனுப்பப் போறீங்க" என்று கேட்பாள்.

மேஜர் கார்டில் வந்து முடியும் பாட்டுகளில் எல்லாம் நன்றாக வந்தது. மைனர் பாட்டு ஒன்றுதான் உறுத்தியது. ஏ மைனரில் இருக்கும் பாட்டு. அது தன் வீடான ஏ மைனர் கார்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஈ செவன் கார்டு வரும். செவன், ஆகவே ஹரிகாம்போதி, ஈ-யிலிருந்து. அவர் வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"மாப்ள, இந்த எடத்துல புளிக்குது."

நானும் கேட்டேன். புளித்தது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமாகச் சரிபார்த்தேன். ஹரிகாம்போதியில் ஒரு பிழையும் இல்லை. அப்போது நான் சொன்னேன்: "ஜாஸுன்னா அப்படித்தான் மச்சான் இருக்கும். அந்தப் புளிப்புதான் ஜாஸு. பழகிக்கணும்."

அவர் பழகிக்கொண்டார். ஒரு மனிதன் தன் காது சொல்வதைத் தள்ளிவிட்டு இன்னொருவன் சொல்வதைப் பழகிக்கொள்வதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த இடத்தை வாசித்துக்காட்டி, "இந்தப் புளிப்புதான் ஜாஸுங்க, எங்க மாப்ள சொன்னது" என்று சொல்லவும் ஆரம்பித்தார். வந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள்.

ஹோட்டலுக்குப் போகிற நாள் நெருங்கியிருந்தது. அந்த வாரச் சனிக்கிழமை நான் குயிலாப்பாளையத்துக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டு, நன்றி சொல்லத்தான் போனேன். கொஞ்சம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசையும் இருந்தது. அந்த மைனர் பாட்டை வாசித்தேன். அவர் கார்டு அடித்தார். ஈ செவன் வந்ததும் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஸ்வர வரிசையை எடுக்கக் கூடாது. அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஜி செவன் சி மேஜருக்குப் போகிறது, அதனால் நீ எடுப்பது சரி. இந்த ஈ செவன் ஏ மைனருக்குப் போகிறது. மைனர் வீட்டுக்குப் போகும் வழியில் மைனர் வீட்டு ஸ்வரங்களைத்தான் வாசிக்க வேண்டும். நீ சி ஷார்ப் வாசிக்கிறாய். அது மேஜர் வீட்டு ஸ்வரம். அதைக் கேட்டவன் மேஜர் வரப்போகிறது என்று நினைப்பான், ஆனால் வருவது மைனர். அதனால்தான் புளிக்கிறது.

அவர் சரியானதை வாசித்துக் காட்டினார். இரண்டு ஸ்வரங்கள்தான் வித்தியாசம். ரிஷபமும் தைவதமும். நான் இரண்டையும் சதுஸ்ருதியாக வாசித்துக்கொண்டிருந்தேன், இரண்டும் அதற்கு அரைப்படி கீழே, சுத்த ரிஷபமாகவும் சுத்த தைவதமாகவும் இருக்க வேண்டும். எஃப் ஷார்ப்புக்குப் பதில் எஃப், சி ஷார்ப்புக்குப் பதில் சி. கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது வகுளாபரணம். ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் கீரவாணி. கீரவாணியின் பஞ்சமத்திலிருந்து ஆரம்பித்தால் வகுளாபரணம் வரும் என்பது நான் பன்னிரண்டு வயதில் படித்த பாடம். வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு அது வேண்டிய இடத்தில் ஞாபகம் வரவில்லை. கிடாரில் விரல் ஒரே ஒரு கட்டை பின்னால் போனால் போதும். அவ்வளவுதான்.

கீழ்புத்துப்பட்டு தாண்டி வரும்போது எதிர்காற்று. சைக்கிளை மிதித்துக்கொண்டே, மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'மச்சான், ஒரு சின்ன திருத்தம்.' 'மச்சான், அன்னிக்கு நீங்க சொன்னது சரி.' இரண்டாவதை ஒரு முறைக்கு மேல் சொல்லிப் பார்க்க முடியவில்லை. அனுமந்தை வந்ததும் டீக்கடையில் நின்றேன். டீ குடிக்கவில்லை. இன்று சொன்னால், இத்தனை நாள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான் என்று என் மனைவிக்குத் தெரியும். அவர் மனைவிக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போன அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். இதை என் பக்கம் பேசுவதற்காக எழுதவில்லை. கிளம்பும்போது அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மச்சான் கிடாரோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் என் மனைவியும் எதிரில். குழந்தை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஷூ இரவல் கிடைத்துவிட்டது, கட்டோடு கால் உள்ளே போகிறது என்று என் மனைவி காட்டினாள். மச்சான் அந்த மைனர் பாட்டை வாசித்தார். புளிப்பு இடம் வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மொதல்ல எனக்குப் புடிக்கல மாப்ள. இப்ப இது இல்லாம வாசிச்சா உப்பு போடாத கொழம்பாட்டம் இருக்குது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்குது மச்சான்" என்று வந்தது.

அன்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கடைசி நேரத்தில் மாற்றினால் கை தடுமாறும், இருப்பதும் போய்விடும், வாசிக்கச் சொல்வது மேஜர் பாட்டாகக்கூட இருக்கலாம். நல்ல காரணம்தான். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளிடம் புதிதாக எதையும் படிக்காதே என்று நானே சொல்வேன். ஆனால் காரணம் முதலில் வந்து நான் பேசாமல் இருக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டு, பிறகுதான் காரணத்தைத் தேடினேன்.

ஹோட்டல் கூடத்தில் பகல் வேளையில் யாரும் இல்லை. மேஜைகள்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பியானோக்காரர் சென்னைக்காரர், வயதானவர், கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். பேஸ் வாசிப்பவர் குனிந்து தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் நொண்டாமல் நடக்கப் பார்த்தார். ஷூ கடிப்பது அவர் உதட்டில் தெரிந்தது. பியானோக்காரர் அதைப் பார்த்துவிட்டு, உட்காருப்பா, நின்னுக்கிட்டு வாசிக்கிற வேலை இல்ல இது என்று சொன்னார். நல்ல மனிதர். அதனால் எனக்குப் பயம் குறையவில்லை.

முதலில் ஒரு மேஜர் பாட்டு. மச்சான் வாசித்ததை நான் இன்றும் கேட்க முடியும். கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் வரப்பில் கால் வைத்து இறங்கினார். பேஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பியானோக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று போகச் சொன்னார். முடிந்ததும், எங்கப்பா கத்துக்கிட்ட இதெல்லாம் என்று கேட்டார். மச்சான் என் பக்கம் கையை நீட்டப் போனார். அதற்குள் ஒரு பையன் தண்ணீர் கொண்டு வந்ததால் பேச்சு நின்றுவிட்டது.

தண்ணீர் குடிக்கும் நேரம் இருந்தது. பியானோக்காரர் ஜன்னலுக்குப் போய்ச் சிகரெட் பற்ற வைத்தார். மச்சான் என்னிடம் வந்து, "எப்பிடி மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு வாக்கியம் போதும். ஈ செவன்ல ரெண்டு விரலையும் ஒரு கட்டை பின்னால வைங்க. அவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. அந்த விரல்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. அவர் கை தடுமாறும் என்று நான் சொல்லிக்கொண்டது பொய் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

பியானோக்காரர் திரும்பி வந்து, இப்ப ஒரு மைனர் பாக்கலாமா என்றார். ஏ மைனர் என்றார்.

மேஜர் பாட்டு இன்னொன்று சொல்ல மாட்டாரா, கரண்டு போகாதா, ஹோட்டல்காரர் யாராவது வந்து கூப்பிட மாட்டாரா என்று எதற்கெல்லாமோ ஜெபம் பண்ணினேன். உண்மையைச் சொல்லும் தைரியத்துக்கு மட்டும் ஜெபம் பண்ணவில்லை.

ஈ செவன் வந்தது. மச்சான் துளியும் தயங்காமல், அழுத்தமாக, பெருமையாக அந்தப் புளிப்பை வாசித்தார். பியானோக்காரரின் புருவம் சுருங்கியது. சுற்று திரும்பி வந்தது, அதே இடம், அதே புளிப்பு. மூன்றாவது முறை அவர் பியானோவை நிறுத்திவிட்டு, ஈ செவன் கார்டை மட்டும் அடித்துப் பிடித்துக்கொண்டார். அதன் பின்னால் ஏ மைனரை அடித்தார். அதையே இன்னொரு முறை செய்தார்.

"ஏம்பா, இது எங்க போவுதுன்னு உனக்குக் காதுல கேக்குதா?"

"கேக்குதுங்க."

"அப்ப வாசி."

மச்சான் சி ஷார்ப் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது புளிக்கல உனக்கு?" என்றார் பியானோக்காரர்.

"புளிக்குதுங்க. ஜாஸுன்னா அப்படித்தானுங்களே."

பேஸ்காரர் சிரித்துவிட்டார். பியானோக்காரர் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, நீங்கதான் இவருக்குச் சொல்லிக்குடுத்தவரா என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "இல்லைங்க. நான் சொந்தக்காரன். துணைக்கு வந்தேன்."

மச்சான் தலையைக் குனிந்து ட்யூனிங் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். சுருதி சரியாகத்தான் இருந்தது. அவர் அதைத் திருகியது என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக என்று இன்று நினைக்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக. ஹோட்டலில் ஒரு கேவலம் வந்துவிட்டது, அதில் மாப்பிள்ளையை இழுக்கக் கூடாது என்று அவர் அதற்குள் முடிவு பண்ணிவிட்டிருந்தார்.

பியானோக்காரர் பக்குவமாகத்தான் பேசினார். விரல் அருமையான விரல். ஆனா இந்த வேலைக்கு விரலுக்கு முன்னாடி காது வேணும். அது சொல்லிக்குடுத்து வர்றதில்ல. தப்பா நெனைக்காதப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கட்டு நனைந்திருந்தது. அளம் தெரிய ஆரம்பித்த இடத்தில்தான் பேசினார்.

"எனக்குக் காது இல்ல போல மாப்ள. இத்தினி வருஷம் கோயில்ல வாசிச்சிருக்கேன், ஒருத்தரும் சொல்லல பாருங்க."

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு, அவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட கஷ்டமெல்லாம் வீணாகிவிட்டது என்று என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

தை பிறந்ததும் அளம் திறந்தது. அவர் இறங்கினார். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார், பை கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே நின்றது. முதலில் கால்விரல்கள் கறுத்தன. அந்த வருஷம் முழுக்க, சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது உள்ளே இருந்து வரும் வாடையை வைத்தே இன்று எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அடுத்த மழைக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தவன் நான். மயக்க மருந்து கொடுக்க வரும்வரை நேரம் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயமா இருக்குது மாப்ள என்று சொன்னார். எனக்கும்தான் என்று சொன்னேன். அவர் பயந்தது வேறு, நான் பயந்தது வேறு. மயக்கத்தில் எதையாவது கேட்டுவிடுவாரோ, அந்த ஈ செவனைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொடுத்தோம். கிடாரை அவர் தொடவில்லை. கோயிலில் கேட்டார்கள். காது இல்லாதவன் ஆண்டவர் சந்நிதியில் வாசிக்கக் கூடாது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. என் மனைவியும் போய்விட்டாள். இதை யாரிடம் சொன்னாலும் இப்போது ஒரு பயனும் இல்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. மச்சானின் மகள் இருக்கிறாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அவள் இதைப் படிப்பாள் என்பதால்தான் மீதியையும் எழுதுகிறேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். அவள் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்திருந்தாள். அங்கே பாட்டு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் பெட்டிக்கடைக்கே வந்து மச்சானிடம் பேசினார். இந்தப் பெண்ணுக்கு நல்ல ஞானம் இருக்கிறது, ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் திரும்பிப் பார்க்காமல் என்னவென்று சொல்கிறாள், பாண்டிச்சேரியில் எங்கள் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பியானோ படிக்க வைக்கிறேன், செலவு எங்களுடையது என்றார். நான் கடைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே உட்காருவது அப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மச்சான் கன்னியாஸ்திரிக்குக் கும்பிடு போட்டார். பிறகு சொன்னார்.

"வேணாங்க சிஸ்டர். எங்க ரத்தத்துல காது கெடையாதுங்க. நானும் இப்படித்தான் இருக்குதுன்னு நெனச்சி ஏமாந்தேன். பெரிய எடத்துக்குப் போய் நின்னப்பதான் தெரிஞ்சிது. புள்ளைக்கு அந்த அவமானம் வேணாம்."

கன்னியாஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. அவளுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வீட்டில் சங்கீதம் தெரிந்தவன் நான்தான் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. எனக்குக் காது இருக்குதா இல்லியா?"

மச்சானும் என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் அடுத்துக் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். அப்பனுக்கு இல்லாதது புள்ளைக்கு எப்படி மாப்ள வந்துச்சு? அதற்குப் பதில் ஒன்றுதான். உங்களுக்கு இருந்தது மச்சான். கால் போன மனிதனிடம், கடைவீதியில், கன்னியாஸ்திரி முன்னால் அதைச் சொல்ல வேண்டும்.

அம்மா, உனக்குக் காது இருந்தது. உன் அப்பாவுக்கும் இருந்தது. முதல் நாளே அவர் தப்பைச் சரியாகக் கேட்டார். அதைக் கெடுத்தது நான். அன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் உன்னிடம் சொன்னது இதுதான்:

"அப்பா சொல்றதக் கேளு கண்ணு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். கன்னியாஸ்திரி பஸ்ஸுக்குக் காத்து நின்றார். மச்சான் பெரிய பாரம் இறங்கியவர்போல் மூச்சு விட்டார், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன்.